போடியில் மண் எடுத்த கதை

மண் பரிசோதனை உத்தியோகம் என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும்தான் என்று நினைப்பவர்கள், ஒரு சாக்கு ஈர மண்ணோடு போடி பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை. என்னைப்போல் ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில், எந்த எருவால் நிலம் தேறும் என்று கண்டறியும் ஆராய்ச்சியில் நான் கள உதவியாளன்.

நல்ல மண்

ராசிங்காபுரத்தில் ஒரு விவசாயியிடம் துணிப்பையைக் கொடுத்து, வயலில் பத்து இடத்தில் மண் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். சோதனையில் அந்த மண் எங்குமே காணாத வளம் காட்டியது. அதிகாரி பூரித்துப்போய் ஜீப்பில் கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால் கடலைச் செடி வெளிறி, சோகை பிடித்து நிற்கிறது. விசாரித்தோம். பைக்குள் இருந்தது எருக்குழி மண். விவசாயி கூச்சமே படவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவுகளுக்கு, இருக்கிறதுல நல்ல சேலையத்தான சார் கட்டிக் காட்டுவோம்?"

சாவடி

மலைத் தோட்டங்களில் காயவைத்த சாணத்தைச் சோதனைக்காகப் பொடித்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஜீப்பில் மலையிறங்கினேன். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் காவலர், ஏலக்காய்க் கடத்தல் என்றே முடிவுகட்டினார். ஒன்றைப் பிரித்து, நான் வாய் திறப்பதற்குள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். "என்ன இது?" என்றார். சொன்னேன். கூட வந்த தோட்டத் தொழிலாளர்கள் எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். அவர் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"மத்த பொட்டலத்துலயும் இதான்னு எழுதிக் குடுத்துட்டு வெரசாப் போங்க."

பாதி வயல்

சிலமலையில் பேச்சியம்மாள் தன் ஒரு ஏக்கரை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். குறுக்கே கயிறு கட்டி, ஒரு பாதியில் மலைமாட்டுக் கிடை போட்டோம். மாடுகளை அங்கேயே அடைத்தால் சாணமும் கோமியமும் நிலத்திலேயே விழும். மறுபாதிக்கு ஒன்றுமே கிடையாது. வித்தியாசம் தெரிந்தால் ஆராய்ச்சி தொடரும், என் தற்காலிக வேலையும் நிலைக்கும்.

சோளம் விளைந்தது. இரண்டு பாதியிலும் ஆள் உயரம். மண்ணைச் சோதித்தால் அங்கும் இங்கும் ஒரே சத்து. நேரே சிலமலைக்கு ஓடினேன். கேட்டதும் பேச்சியம்மாள் மறைக்கவில்லை. நான் ஊர் திரும்பியதும் கிடைக்காரரிடம் சொல்லி, மாடுகளை மறுபாதியிலும் அடைத்திருக்கிறார். "என் சோலியே போயிரும்மா" என்றேன். அவர் என்னைத்தான் குற்றவாளியைப்போலப் பார்த்தார்.

நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஆசைதீரத் திட்டிவிட்டு, வேறு வயலில் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். வேலை பிழைத்தது. பேச்சியம்மாள் சொன்னதைச் சேர்க்கத்தான் அறிக்கையில் இடமில்லை.

"ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு, ஒண்ணப் பட்டினி போட்டு வேடிக்கை பாக்குறதுக்கா அப்பு உன்னயப் படிக்க வச்சாக?"

மண்ணில் இருக்கும் சத்தை அளக்க எங்களிடம் கருவி இருந்தது. மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் குறுக்கே வராமல் அளப்பதற்குத்தான் கடைசிவரை எதுவும் அகப்படவில்லை.