கும்மட்டத்துக்கு வைத்த பொட்டு

ரப்பர் விலை விழுந்த வருஷம் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். சின்னையாவும் இருளாயியும் கைக்குழந்தையோடு ஈப்போவுக்கு வந்து, அங்கே சிலிபின் பகுதியில் ஒண்டிக்கொண்டார்கள். தோட்டத்து லய வீட்டின் தார் பூசிய பலகையைத் தவிர வேறு சுவரைத் தொட்டறியாத மனிதன் சின்னையா. அவனுக்கா இப்படி ஒரு வேலை வாய்க்க வேண்டும்! ஈயச் சுரங்கத்தில் பணம் பண்ணிய தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவர், நடுவில் பெரிய கும்மட்டம் வைத்து மாளிகை கட்டினார். அதற்கு வெள்ளையடிக்கச் சின்னையாவையும் அவன் கூட்டாளி பிச்சைமுத்துவையும் கூப்பிட்டார்கள்.

கும்மட்டம் வெளுக்க வெளுக்க ஊரே கூடிவிட்டது. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள். சாமி இல்லாத கோயில் என்றான் ஒருவன். கவிழ்த்த சோற்றுப்பானை என்றாள் ஒருத்தி. சொன்னவள்தான் அதிக நேரம் வாயைப் பிளந்து நின்றாள். சின்னையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கும்மட்டத்தைப் பார்த்தபடியேதான் சோற்றைப் பிசைந்தான்.

இருளாயிக்கு மட்டும் பயமாக இருந்தது. குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் அவள் வாசல் தாண்டியதில்லை. இவ்வளவு அழகை வெறுமனே விட்டால் ஊர்க்கண் சும்மா விடுமா? திருஷ்டிப் பூசணியாவது கட்டலாமே என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள்.

“போம்மா, மாளிகையில காய்கறியத் தொங்கவிடுறதா?” என்று விரட்டிவிட்டான் அந்தப் புண்ணியவான்.

வேலை முடிந்த மாலை. மறுநாள் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். இறங்கிக் கைகழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் குழந்தையின் மைச்சிமிழை நீட்டினாள் இருளாயி.

“ஏங்க, ஒரே ஒரு பொட்டு.”

“பைத்தியமா புள்ள? வெள்ளையில கறுப்பு பட்டா அழகே போச்சுலா!”

“அழகா இருக்கப் போய்த்தானே கேக்குறேன். லயத்துக்கு என்னிக்காவது கேட்டிருக்கேனா? கண்ணு கட்டடத்து மேல படாதுங்க. அத அழகாக்குன கை மேலதான் படும்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் அழுதால் அவன் தாங்கமாட்டான். “சரி சரி, அழுவாத. பின்பக்கமா வச்சிட்டு வாரேன்” என்று சிமிழை மடியில் செருகிக்கொண்டு ஏறினான். கட்டைவிரலால் பொட்டு வைத்துவிட்டு, மேலேயிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்பாடா என்றிருந்தது இருளாயிக்கு. அதுவரை தன் கண்ணே பட்டுவிடுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தவள், அன்றுதான் கும்மட்டத்தைக் கண்ணாரப் பார்த்தாள். அம்மாடி, எவ்வளவு அழகு!

இறங்கும்போது, மழையில் ஊறிய சாரக்கயிறு அறுந்தது. மூங்கிலோடு அவனும் வந்து விழுந்தான். உயிர் அங்கேயே போய்விட்டது.

“எறங்குன மனுசன நான்தானே ஏத்திவிட்டேன்” என்று மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். என்ன சொல்லித் தேற்றுவது அவளை? காரியத்தன்று அவள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். பிறகு அந்தத் தெருப்பக்கமே அவள் போகவில்லை.

மறுவருஷம் சீனப் பெருநாளுக்கு முன்னால் பிச்சைமுத்து அவள் வாசலில் வந்து நின்றான்.

“தங்கச்சி, மாளிகைக்கு மறுபடி வெள்ளையடிக்கணுமாம். நான்தான் ஏறுறேன். அந்தப் பொட்டு சுண்ணாம்புல ஊறிப்போய் இன்னும் அப்படியே இருக்கு. அழுக்குன்னு நெனச்சுக்கிட்டு அழிக்கச் சொல்றாரு தவுக்கே. நீ என்னா சொல்ற?”

இருளாயி குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எம் பொட்டத்தான் அழிச்சாச்சு. அத விட்டுருங்கண்ணே.”

பிச்சைமுத்து அந்தப் பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெள்ளையடித்தான்.