அவள் போட்ட ஐம்பத்தொன்று

நாலாவது தடவையும் சி.ஏ. இறுதித் தேர்வில் தோற்றபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. முதல் தடவை தோற்றவனுக்கு அனுதாபம் கிடைக்கும். இரண்டாவது தடவை ஆலோசனை கிடைக்கும். அதற்குமேல் ஒன்றும் கிடைக்காது. ஸ்ரீவராகத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இந்த மலையாள ஊரில் மழையைப் பற்றிப் பேச எப்போதும் ஏதாவது இருக்கும்.

ஆலோசனை கிடைத்த காலத்தில் ஒன்றையும் நான் தட்டியதில்லை. எதிர்வீட்டு மாமா வல்லாரையை நெய்யில் வதக்கிச் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். அலுவலகத்தில் ஒருவர் விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்றார். விடியற்காலையில் எழுந்து புத்தகத்தின்மேல் தலைவைத்துத் தூங்கினேன். நாலு பேர் சேர்ந்து படித்தால் நல்லது என்றார்கள். சேர்ந்து படித்த நாலு பேரில் மூன்று பேர் பாஸானார்கள். மிச்சம் யார் என்று சொல்லத் தேவையில்லை.

என் அலுவலகம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற ஆடிட்டர் அலுவலகம். கீழே வற்றல் மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். பயிற்சிக்கு வந்த இடத்திலேயே நான் தங்கிப்போய்விட்டேன். கணக்கைச் சரிபார்ப்பது, அறிக்கை தயாரிப்பது எல்லாம் நான். ஆனால் கையெழுத்துப் போடுவது என்னைவிட ஆறு வயது சின்னவர். அவருக்குப் பயிற்சிக்காலத்தில் வவுச்சர் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எந்தெந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்து அவர் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். அவர் ரொம்ப மரியாதையாக, அண்ணன் முறை வைத்து, "தேங்க்யூ சேட்டா" என்பார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு சி.ஏ. வேண்டியிருந்தது அந்தப் பென்சில் புள்ளியிலிருந்து தப்பிக்கத்தான். வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

படிக்காமல் தோற்றேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்தேன். மஞ்சள் என்றால் முக்கியம், பச்சை என்றால் மிக முக்கியம், ரோஸ் என்றால் கட்டாயம் கேட்பார்கள். மூன்றாம் முறை படித்து முடித்தபோது பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடமும் இல்லை. ஆன்லைன் வகுப்புகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டேன். ஆனால் பேனாவை எடுத்து ஒரு கேள்விக்கு முதலிலிருந்து கடைசிவரை விடை எழுதியதே இல்லை. கேள்வியைப் படிப்பேன், விடையைப் பார்ப்பேன், "இது தெரிஞ்சதுதானே" என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். எட்டு வருஷம் தலையாட்டியிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு கோடையிலும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வருவாள். நாலாவது தோல்வி வந்த வாரம், என் மூன்று நிறப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த எங்கள் வீட்டுத் தமிழில் கேட்டாள்.

"இத்தனையும் படிச்சிருக்கேள். பட்சே, எழுதிப் பாத்தேளோ?"

"பரீட்சையிலே எழுதறேனே."

"அதைக் கேக்கலை. ஆத்துல, கடியாரம் வச்சுண்டு, மூணு மணி நேரம்."

எழுதியதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே முறையை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உட்கார வேண்டும், ஐந்து மணிக்கு எழ வேண்டும். பழைய தேர்வுத்தாள் ஒன்று. சாப்பாட்டு மேஜை. ஃபோன் அவளிடம். கோடுபோட்ட தாள்களை ஆரியசாலையிலிருந்து கட்டாக வாங்கிவந்தேன். எழுதிய தாளை அவள் திருத்துவாள். அவளுக்கு என் பாடம் தெரியாது. ஆனால் அதிகாரபூர்வமான விடைகள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் படிபடியாகப் பிரித்து, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைத்துக்கொண்டு திருத்த அவளுக்குத் தெரியும். அவள் தொழிலே அதுதான்.

"இதுதான் கடைசி. இதுவும் ஆகலைன்னா புஸ்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்டே போட்டுடறேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் அச்சிட்ட விடைகளைப் பிரித்துவைக்க ஆரம்பித்தாள்.

முதல் தாளுக்கு இருபத்தொன்பது கிடைத்தது. பாஸாக வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு நாற்பதும், எல்லாத் தாளையும் சேர்த்துப் பார்த்தால் பாதியும் வேண்டும். ஓரத்தில் பழக்கதோஷத்தில் மலையாளத்தில் எழுதியிருந்தாள். 'உத்தரம் எவிடே?' என்று ஓர் இடத்தில். நாலு பக்கம் எழுதியிருந்தேன், விடை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னோர் இடத்தில் 'சோத்யம் வாயிச்சோ?' என்று கேட்டிருந்தாள். கேள்வியை நான் படித்திருக்கவில்லை, பாதி படித்ததும் தெரிந்த கேள்வி என்று எழுத ஆரம்பித்திருந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு முக்கால் மணி நேரம் செலவழித்ததைக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிஷத்துக்கும் குறைவுதான் என்பது எட்டு வருஷத்தில் எனக்கு உறைத்ததே இல்லை.

"திருத்தறவா முன்னாடி கட்டுக் கட்டா பேப்பர் இருக்கும். கண்ணெல்லாம் எரியும். நீங்கோ விடையை ஒளிச்சு வச்சா, தேடறதுக்கு அவாளுக்கு நேரம் கிடையாது" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு கேள்வியையும் புதுப் பக்கத்தில் தொடங்கினேன். விடையின் கீழே இரண்டு கோடு போட்டேன். தெரியாததை விட்டுவிட்டு மேலே போகக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது தாளில் முப்பத்துமூன்று. மூன்றாவதில் முப்பத்துநாலு. நாலாவதில் நாற்பத்தொன்று வந்தது. ஐந்தாவதில் நாற்பத்தாறு. ஆறாவதில் ஐம்பத்தொன்று.

அந்த ஐம்பத்தொன்றை என்னால் மறக்க முடியாது. பீரோக் கதவின் உள்பக்கம் எல்லா மதிப்பெண்களையும் வரிசையாக எழுதி ஒட்டியிருந்தேன். சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பேன். எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒன்று, மதிப்பெண்ணைத்தான் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. தோற்றுத் தோற்றுப் பழகியவனுக்குத் தன் தப்பைத் திரும்பப் படிக்க மனசு வராது. முதல் மூன்று வாரம் "திருத்தினதை ஒரு வாட்டி பாருங்கோ" என்று அவள் வற்புறுத்தினாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேலே வைத்துவிடுவாள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

தேர்வு எழுதினேன். பதற்றமில்லாமல் எழுதினேன் என்பது உண்மை. எழுதவேண்டியிருந்த மூன்று தாளிலும் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன், அது அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, அலுவலகத்தில் என் கையெழுத்தை எப்படிப் போடலாம் என்று யோசித்தேன். இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முடிவு வந்தபோது மாடிப்படியில் நின்று ஃபோனில் பார்த்தேன். முப்பத்தேழு, நாற்பத்தொன்று, முப்பத்துமூன்று. கீழே மிளகாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. மனைவிக்கு ஒரு வரியில் செய்தி அனுப்பினேன். அவள் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, "சாப்பிட்டேளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். என் புத்தி எனக்கு அப்போதும் ஒரு புது முறையைத்தான் சொல்லிற்று. வீட்டில் ஐம்பத்தொன்று எடுத்தவன் அங்கே முப்பத்துமூன்று எடுத்தால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். எந்த மாதிரித் தப்பு எத்தனை முறை என்று ஒரு பட்டியல் போடலாம் என்று, பீரோவின் மேலிருந்து ஆறு தாள்களையும் எடுத்து, அச்சிட்ட விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே திருத்த உட்கார்ந்தேன்.

முதல் மூன்று தாளில் நான் போட்டதும் அவள் போட்டதும் அரை மதிப்பெண்கூட மாறவில்லை. நாலாவதில் எனக்கு முப்பத்துமூன்றுதான் வந்தது. கூட்டலில் பிசகியிருக்கும் என்று மறுபடி கூட்டினேன். ஐந்தாவதில் முப்பத்தாறு. ஐம்பத்தொன்று வாங்கிய தாளில் முப்பத்தைந்து. குத்தகை பற்றிய ஒரு கேள்விக்கு நான் எழுதியது தலையிலிருந்து கால்வரை தப்பு. அதற்கு ஐந்தில் நாலு போட்டு, பக்கத்தில் 'நன்னாயி' என்று பாராட்டி எழுதியிருந்தாள். நாலாவது தாளிலிருந்து ஓரத்தில் அவள் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கான தாளைக் கூட்டிய கை அது. அதற்குக் கூட்டல் தெரியாமல் போகாது.

அவள் ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். மேஜையில் தாள்களைப் பார்த்ததும் குடையைக்கூட மடக்காமல் நின்றாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். "மூணாவது பேப்பர் முப்பத்துநாலுன்னு சொன்னேனே, அன்னிக்கு நீங்கோ சாப்பிடலை. மறுநாள் ஆபீஸும் போகலை. செவுத்தைப் பாத்துண்டு படுத்திருந்தேள். நேக்குப் பேடியாப் போயிடுத்து, பயந்தே போயிட்டேன். அடுத்த வாரம் நாப்பத்தொண்ணுன்னேன். எழுந்துண்டு, ஷேவ் பண்ணிண்டு, என்னைப் பீச்சுக்குக் கூட்டிண்டு போனேள்."

"அதுக்காகப் பொய்யா மார்க் போடுவியா?"

"ஒரு வாட்டிதான் போடணும்னு நெனச்சேன். அப்பறம் எறக்க முடியலை."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாலாவது தாளிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் திருந்தியிருப்பேன், இத்தனை மாசத்தை நீதான் கெடுத்தாய் என்று கத்தினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தாளைப்போல நீ திருத்தவில்லை, புருஷன் என்று பார்த்துத் திருத்தினாய் என்றேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது என்னை இன்னும் கிளறிவிட்டது. கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கத்துவது பொய் மதிப்பெண்ணுக்காக அல்ல. மூன்றாவது தாளிலேயே அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அதை அவள் வாயால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"வெறுதே சமாதானம் சொல்லாதே. உன் சர்வீஸ்ல எத்தனை பேப்பர் பாத்திருக்கே. நான் பாஸாவேனா, மாட்டேனா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாள்களை அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சமன்செய்தாள்.

"மாட்டேள்" என்றாள்.

எட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அம்மா, வகுப்பு எடுத்தவர்கள், அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர், எல்லோரும் அடுத்த தடவை ஆகிவிடும் என்றார்கள். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. அப்பா இறந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

"அப்போ நிறுத்திடறேன். கடைசின்னு சொன்னேனே" என்றேன்.

அவள் முகத்தில் அப்போது தெரிந்தது நிம்மதியல்ல. "வேண்டாம்" என்றாள். "எழுதுங்கோ."

"மாட்டேன்னு நீதானே சொன்னே."

"ஆமாம். பட்சே, இது இல்லேன்னா நீங்கோ என்ன பண்ணுவேள்? ஞாயித்துக்கிழமை எங்கே ஒக்காருவேள்? நேக்கு அதை நெனச்சாத்தான் பேடியா இருக்கு." அப்போதுதான் அழுதாள்.

பாஸாகாமலே வாழ்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், நானும் அப்படி இருந்துகொள்வேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைக் கண்டவளிடம் அது எடுபடாது.

அடுத்த தேர்வுக்குப் படிவம் நிரப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் பழைய நுழைவுச்சீட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள், நான் அடித்தேன். அனுப்பு என்பதை அழுத்திய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறேன், ஆனால் இந்தத் தடவை நீ திருத்த வேண்டாம் என்றேன். சரி என்றாள்.