நெஞ்சளவுத் தண்ணியில ஒரு வெளிநடப்பு

மீன்பிடிச் சங்கத்துக்குச் செயலாளராய் இருந்து சீரழிஞ்சவங்களுக்குத்தான் நான் சொல்றது முழுசா விளங்கும். மற்றவங்க சிரிச்சிட்டுப் போங்க.

வெத்திலை போட ஒழும்பினவங்க

சுனாமி அடிச்சு ஆறு மாசம். ஊர்த் தோணியெல்லாம் போயிட்டு, என்டதும்தான். ஒரு அவுஸ்திரேலியத் தொண்டு நிறுவனம் பத்துத் தோணி தாறம் எண்டு வந்திச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சங்கம் தீர்மானம் குடுக்கோணும், இல்லாட்டி தோணி பக்கத்து ஊருக்கு.

நிருவாகத்தில ஒன்பது பேர். தலைவர் கணபதிப்பிள்ளை அண்ணன் பக்கம் என்னோட அஞ்சு, சின்னத்தம்பியர் பக்கம் நாலு. கூட்டம் செல்லுபடியாக ஆறு பேர் இருக்கோணும். நான் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினா நாலு பேரும் வெத்திலை போட வெளியில போயிடுவாங்க. மூணு கூட்டம் இப்பிடியே கலைஞ்சுது. "உங்களுக்கும் தோணி இல்லத்தானே, பிறகேன்?" எண்டு சின்னத்தம்பியரைக் கேட்டன்.

"வந்தா அது கணபதி கொண்டந்த தோணி எண்டுதான் சனம் சொல்லும். மறுகா எலெக்சனுக்கு நான் என்னத்தைச் சொல்லி வோட்டுக் கேக்கிற?"

அந்த நாட்டிலயும்

தோணி தர வந்த வெள்ளைக்காரப் பொம்பிளைக்கு இதை வெக்கத்தோட, தெரிஞ்ச இங்கிலீசில விளக்கினன். கோவிப்பா எண்டு பார்த்தா விழுந்து விழுந்து சிரிக்கிறா.

"எங்கட பார்லிமெண்டிலயும் சில நேரம் அரசாங்கம் ரெண்டு ஆளைக் கூட வைச்சுக்கொண்டு தத்தளிக்கும், எதிர்க்கட்சி எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு சொல்லும். வெத்திலைதான் அங்க இல்லை."

வாவியில கூட்டம்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வாவி நடுவில வைப்பம், எங்க ஒழும்பிப் போறாங்க பாப்பம் எண்டார் தலைவர். அறிவித்தல்ல இடம் 'வாவி' எண்டே எழுதினன். வராட்டி பயந்திட்டான் எண்டு சனம் சொல்லும் எண்டு சின்னத்தம்பியரும் ஆக்களோட வந்தார். இரவல் தோணி ரெண்டைச் சேர்த்துக் கட்டிப் போனம்.

நான் கடுதாசியை எடுத்ததும் அவர் தண்ணியை எட்டிப் பார்த்தார். நெஞ்சளவுதான். "வெளிநடப்பு" எண்டு சொல்லி இறங்கினார், மற்ற மூணு பேரும் பின்னால. தோணி போச்சு எண்டு எனக்குக் கண் கலங்கிட்டு. ஆனா அவங்கட சேட்டுப் பையில நிவாரண அட்டை; அது நனைஞ்சா அரிசி இல்லை. அதால இறங்க முந்தியே சேட்டைக் கழட்டிச் சுருட்டி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு நடந்தாங்க. உடனே நான் சத்தமாக் கேட்டன்: "தீர்மானத்தை ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்க."

கையை இறக்க ஏலாது. வாவிக்குள்ள நிக்கிற வரைக்கும் அவங்களும் கூட்டத்துக்குள்ளதான். 'ஏகமனதாக' எண்டு எழுதினன். சின்னத்தம்பியர் திரும்பி என்னை நல்லா முறைச்சார். மறுகா முகம் இளகிட்டு.

"எழுதுகா. என்ட தோணிக்கு நீலப் பெயின்ட் எண்டும் சேர்த்து எழுது."

ஒன்பது பேரைக் கட்டி மேய்ச்ச எனக்கே தலை நரைச்சிட்டு, நாட்டை ஆள்றவங்களை நினைச்சாப் பாவமாத்தான் கிடக்கு.