பக்கத்து வீட்டுக்கு ஆள் தேடினோம்

சென்ற சனிக்கிழமை காலை, காலியாகக் கிடந்த பக்கத்து வீட்டு ஜன்னல்களில் அடித்திருந்த பலகைகளைப் பிடுங்கினார்கள். தெருவே வாசலுக்கு வந்து கை தட்டியது. பலகை பிடுங்குவதற்கு யாராவது கை தட்டுவார்களா? எங்கள் தெருவில் தட்டுவார்கள்!

மான்ட்ரியாலில், டவுன்டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகள். கொஞ்சம் வசதி வந்ததும் ஒவ்வொருவராகப் புறநகரான லவாலுக்குப் போய்விட்டார்கள் — புது வீடு, புல்வெளி, கராஜ். இங்கே மளிகைக்கடை மூடியாயிற்று. அடுத்தது பள்ளிக்கூடம் என்று பேச்சு. நானும் லவாலில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் தெருவைப் புதுப்பிக்கும் திட்டக்குழுவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். காலியாகக் கிடக்கும் மூன்று வீடுகளையும் இடித்துவிட்டுப் பூங்கா... நீரூற்று, பெஞ்சுகள். அவர் வரைந்து காட்டிய படம் பிரமாதம். சிவில் இன்ஜினீயரான எனக்கே பிடித்திருந்தது.

எதிர் வீட்டு மதாம் ரோஸ் எழுந்தார். தையல் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். இந்தத் தெருவிலேயே பிறந்தவர்.

"பெஞ்ச் சரி. உட்கார யார் இருக்கிறார்கள்? லவாலிலிருந்து வருவார்களா?"

இளைஞர் பொறுமையாகக் கேட்டார்: "இந்த வீடுகளுக்கு இனிமேல் யார் குடிவருவார்கள், மதாம்?"

"நாங்க வந்தோமே!"

தமிழ்க் குரல்! திரும்பினால் என் மனைவி ஜானகி. அதுவரை 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு காலம் தள்ளியவள், அதையே தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் இன்னொரு தடவை சொன்னாள். "வீட்டை ரிப்பேர் பண்ணுங்க. இன்னும் வருவாங்க."

இளைஞர் யோசித்தார். "கோடை முடிவதற்குள் குடும்பங்களைக் கூட்டி வாருங்கள். அதுவரை இடிக்க வேண்டாம் என்று சொல்கிறேன்."

வீடு திரும்பும்போது கேட்டேன்: "நாமே லவாலுக்குப் போகப்போறோம். நீ இங்க ஆள் சேர்க்கிறியா?"

"அங்க ரோஸ் இருக்காளா? ஜன்னலைத் திறந்தா குரல் குடுக்க ஒருத்தர் உண்டா? நீங்க வேணா போங்க!"

நான் போகவில்லை. லவால் வீட்டுக்காரருக்கு போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு ஜானகியும் ரோஸும் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி வாங்கினால்கூட, "வீடு வேண்டுமா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். நான் டார்ச்சோடு காலி வீடுகளுக்குள் புகுந்தேன். இரண்டு வீடுகள் திடமாக இருந்தன. மூன்றாவதில் உத்தரங்கள் உளுத்துவிட்டன. "இதை இடிக்கத்தான் வேண்டும்" என்றேன்.

ரோஸ் முகம் சிவந்தது. "நீங்களுமா, முஸ்ஸியே? நான் பிறந்த வீடு அது."

அவரை உள்ளே அழைத்துப் போனேன். உத்தரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. விரலில் ஒட்டிய தூளைத் துடைத்தார். பிறகு வெளியே வந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார். "அந்த ஒன்றை இடியுங்கள். ஆனால் அங்கே என்ன வர வேண்டும் என்று நாங்கள்தான் சொல்வோம். நீரூற்று வேண்டாம். குழந்தைகள் ஓடி விளையாட இடம் விடுங்கள்."

இளைஞர் பென்சிலை எடுத்தார். தெருக்காரர்கள் எல்லாரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாவம், அழித்து அழித்து வரைந்தார். இந்த முறை வந்தது எங்கள் படம்.

ஊரைப் புதுப்பிப்பது என்றால் எல்லாருக்கும் சிமென்ட்தான் ஞாபகம் வருகிறது. குடியிருப்பவரை முதலில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்!

ஒரு வீட்டுக்கு, கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ் குடும்பம் வரப்போகிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போர்ச்சுகலிலிருந்து வந்த கொத்தனார் குடும்பம், உள்ளே ரிப்பேர் முடிந்து, பலகை பிடுங்கிய சனிக்கிழமையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால், தூக்கக் கலக்கத்தோடு அந்தக் கொத்தனார். எங்கள் பிரஷர் குக்கர் விசில், சுவரைத் தாண்டி அவர் தூக்கத்தைக் கெடுக்கிறதாம்!

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஜானகி முகமெல்லாம் சிரிப்பு.

தெரு பிழைத்துவிட்டது — சண்டைக்கு வர ஆள் வந்தாயிற்று!