அண்ணன் நிறுத்திய மோட்டார்

மோகன்குமாருக்கு அந்த மிஷின் மேல் வந்த கோபம் எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. உத்திரமேரூருக்கு வெளியே, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, மரத்தில் தானாகவே சிற்பம் செதுக்கும் சிஎன்சி மிஷின் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் போதும், வெட்டும் தலை நாலா பக்கமும் போய்ச் செதுக்கித் தள்ளிவிடும். தள்ளிக்கொண்டுதான் இருந்தது, ஆயுத பூஜை வரைக்கும். அதற்கப்புறம் பிடித்தது சனியன். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நீளவாக்கில் மட்டும் நகராது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நகரும். பழையசீவரத்தில் ஒரு புது வீட்டு வாசற்கதவுக்குக் கஜலட்சுமி செதுக்கப் போய், அம்மன் மூக்கு தோளில் ஏறிவிட்டது. தேக்குப் பலகை போச்சு.

என்னதான் செய்யவில்லை அவன்? திருகாணிகளை முறுக்கினான், எண்ணெய் விட்டான், பெல்ட்டை மாற்றினான். மிஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், எடுத்ததும் "எர்த் செக் பண்ணீங்களா சார்?" என்பார்கள். எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அங்கே வெண்டை போட்டிருந்தால் இந்நேரம் காய்த்திருக்கும். கண் திருஷ்டியோ என்று, பூஜையன்று மிஷினில் கட்டிய படிகாரத்தை அவிழ்த்துவிட்டு, தேங்காய் அளவுக்கு ஒரு கட்டியைக் கருப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். மிஷின் இன்னும் அதிகமாக மக்கர் பண்ணியது.

கடைசியில் பழி அண்ணன் தாண்டவராயன் மேல் விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால்தான் அவர் வயல். அதே கரண்ட் லைனில்தான் அவருடைய போர் மோட்டாரும்.

"உன் மோட்டார் ஓடறப்பல்லாம் கரண்டு எறங்குது. அதான் என் மிசின் நின்னு நின்னு போவுது. உனுக்கே இது நல்லா கீதாண்ணா?" என்று வரப்பில் நின்று கத்தினான்.

அண்ணன் பயிரைப் பார்த்தார். நெல் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் எல்லாம் பதர்.

"கதவு எப்பத் தரணும்?"

"வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம்."

"சரி, அதுவரிக்கும் நிறுத்திடறேன். போயி வேலயப் பாரு."

சொன்னபடி நிறுத்தினார். வயல் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. அண்ணி கோவிந்தம்மாள் இவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிஷினோ அப்போதும் அதே ஆட்டம்தான் ஆடியது. இன்னொரு பலகையும் வீண்.

"அடச்சீ! கொளுத்திடப் போறேன் இத!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டபோது, டீ கொண்டுவந்த மனைவி வளர்மதி மிஷினையே பார்த்தாள்.

"இன்னாங்க, அந்தக் கல்லு வயரப் புடிச்சி இழுத்துக்கினு கீதே?"

பார்த்தான். பூஜையன்றும் சரி, இப்போதும் சரி, படிகாரத்தை அவன் கட்டியிருந்தது வயர்க் கொத்தின் மேல். வெட்டும் தலை பலகையின் கடைசி வரை போனால் கல் ஊசலாடி, அதை நீளவாக்கில் நகர்த்தும் மோட்டாரின் பிளக்கை அசைத்தது. சின்ன வேலைக்குத் தலை அவ்வளவு தூரம் போகாது. அப்போதெல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. கயிற்றை அறுத்தான், பிளக்கை அழுத்தினான், தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

கல்லும் கையுமாக வயலுக்கு ஓடினான். அண்ணன் ஒரு கதிரை உருவி, நெல்லை நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிசின் ஓடுதாடா?"

"ஓடுதுண்ணா."

"பாத்தியா? மோட்டார நிறுத்தினது நல்லதாப் போச்சு. கதவு முடியறவரிக்கும் இப்டியே இருக்கட்டும். பயிரு போனாப் போவுது, உன் பேரு கெட்டுடக் கூடாது."

மோகன்குமாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்லை வரப்போரமாக வீசி எறிந்தான். நேரே மோட்டார் ரூமுக்குப் போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினான். குழாயில் தண்ணீர் கொட்டியது.

"டேய், இன்னா பண்ணிட்டே! உன் மிசின் நின்னுடும்டா!" என்று கத்திக்கொண்டே, மோட்டாரை நிறுத்த அண்ணன் ஓடிவந்தார்.