மேகமலையில் ஒரு கோரைக் கட்டு

மேகமலைச் சதுப்பில் முழங்கால் சேற்றில் நிற்கிறோம், செடி ஆராய்ச்சிக்கு வந்த நானும் நண்பர் பாஸ்கரும். இங்கே இரண்டு கோரைகள் அச்சு அசலாக ஒன்றுபோல வளர்கின்றன. தண்டை நகத்தால் கீறினால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றில் உள்ளேயிருக்கும் பஞ்சு போன்ற நெட்டி தொடர்ச்சியாக இருக்கும், மற்றதில் விட்டுவிட்டு இருக்கும். காலையெல்லாம் தூருக்கு ஒரு தண்டைக் கீறி, சண்டை போட்டு, பிடுங்கியதை ஜீப்பருகே இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

காலில் ஏறிய அட்டைகளை உதறிவிட்டு வந்தால் ஒரே கட்டுதான் இருக்கிறது. கீழே ராயப்பன்பட்டியில் வயல் வைத்திருக்கும் ஓட்டுநர் அந்தோணி, நாற்று முடி போலக் கச்சிதமாகக் கட்டியிருக்கிறார்.

“காத்து அள்ளிட்டுப் போகப் பாத்துச்சு சார். அதான் சேத்துக் கட்டிட்டேன்.”

“ரெண்டும் வேற வேறங்க!” பாஸ்கர் அலறுகிறார்.

“அப்படியா? எது எதுன்னு சொல்லுங்க சார், இந்தா பிரிச்சுத் தாரேன்.”

நான் பாஸ்கரைப் பார்க்கிறேன். பாஸ்கர் தேய்ந்துபோன தன் நகத்தைப் பார்க்கிறார்.