ஹஃப்ஸா போட்டுப் பார்த்த சீரம்

பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஹஃப்ஸா அதன் கழுத்தை டிஷ்யூவால் ஒரு சுற்றுத் துடைப்பாள். பிறகு எதிரே நிற்பவரின் கையைப் புரட்டி, வளையலை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு விடுவாள். தேய்க்க மாட்டாள். சொட்டு தானாகப் பரவி உள்ளே இறங்கும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அப்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது. காய்ந்த பிறகு, "உங்களுக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க" என்பாள். நல்லா இருக்கும், வாங்கிக்குங்க என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மாதாகோயில் வீதியில் நஸ்ருதீன் பாய் நடத்தும் ஃபேன்ஸி ஸ்டோரில் நான் பில் போடுகிறேன். என் மேசைக்கு நேர் எதிரே க்ரீம் கவுண்டர். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் பார்வை அங்கேதான் போய் நிற்கும்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடை போடும் காதர் பாட்சாவின் மூத்த மகள் அவள். பி.காம். முடித்துவிட்டு, வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் ஒரு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் உம்மா கமர் நிஷா ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். "ஒரு எடம் அமையுற வரைக்கும்தான். அமைஞ்சா அன்னைக்கே நின்னுடணும்." அவளும் சரி என்று சொல்லித்தான் வந்தாள். ஆனால் ஒருநாள் ஷட்டர் இறக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே, "இந்த வேலைய நான் விடமாட்டேன்" என்றாள். தெருவைப் பார்த்தபடி சொன்னதால் என்னிடம் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பாய் அவளை வேலைக்கு எடுத்ததே அவள் முகத்துக்காக. ஒரு பொட்டு வடு இல்லாத தோல். வருகிற பெண்கள் பாட்டிலைப் பார்க்கும் முன் அவளைத்தான் பார்ப்பார்கள். "நீ என்னம்மா போடுறே?" என்பார்கள். "ஒண்ணும் போடறதில்லங்க. சோப்புதான்" என்பாள். ஒவ்வொரு முறையும் பாய் கல்லாவில் இருந்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

மழைக்காலம் முடியும்போது கொரியாவிலிருந்து அந்தச் சீரம் வந்து இறங்கியது. கட்டைவிரல் உயரப் பாட்டில். ஆயிரத்தெண்ணூற்று ஐம்பது ரூபாய். முதல்நாளே, தன் மகளுக்கு ரிப்பன் வாங்க வந்த விழிதியூர் ராசாத்தி அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"நத்தையோட பசைங்க."

"எது, வயல்ல ஊருமே அதுவா?"

"அதேதாங்க. வேற ஊரு நத்தை."

"அடியாத்தி! எங்க ஊர்ல மூலத்துக்குல்ல அதப் புடிச்சு வறுத்துத் திங்கறாங்க. நீங்க மூஞ்சியிலயா பூசறீங்க? பாய், விழிதியூருக்கு வாங்க, கூடை கூடையா பொறுக்கித் தர்றேன். பாதி வெல குடுங்க போதும்."

பாயும் சிரித்தார். ராசாத்தி விடவில்லை. "நீ இதப் போடுறியா?"

"இல்லங்க."

ராசாத்தி ரிப்பனோடு போய்விட்டார். பாயின் சிரிப்பு நின்றது.

"இனிமே கேட்டா ஆமான்னு சொல்லும்மா. ஒரு வார்த்ததானே?"

"போடாதத போடறேன்னு எப்புடி மொதலாளி சொல்றது? பரக்கத் போயிடும், யாவாரம் விருத்தியாகாது."

"என் கடை பரக்கத்த நான் பாத்துக்கறேன். இது விக்கலேன்னா கவுண்டருக்கு வேற பொண்ணுதான் பாக்கணும்."

மறுநாள் காலை கடை திறந்ததும் ஹஃப்ஸா ஒரு சீரத்தை என் மேசையில் வைத்தாள். "என் பேர்ல பில் போடுங்க. சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லுங்க." நான் நிமிர்ந்து பார்த்தேன். "நாளையிலேர்ந்து கேட்டா ஆமான்னு சொல்லலாம்ல?" என்றாள்.

வீட்டில் உம்மா, தொழுகிற முகத்தில் நத்தையைத் தடவுவாயா என்று ஏசியிருக்கிறார். கழுவிவிட்டுத்தானே தொழுகைக்கு ஒளுச் செய்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியே போட ஆரம்பித்தாள். "நீ போடுறியா?" "போடறேங்க." பாட்டில்கள் நகர்ந்தன.

அது விலைக்குத் தகுந்த சரக்குதானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. போட்டவர்கள் முகமும் போடாதவர்கள் முகமும் பில் மேசையிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். தருமபுரம் டெல்பின் டீச்சர் மட்டும் மூன்றாவது பாட்டில் வாங்கினார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா டீச்சர் என்று பாயே கேட்டார். "அதெல்லாம் யார் பாத்தா? காலையில நான் அதத் தடவிட்டு உக்காந்திருக்கற நேரத்துல மட்டும் வீட்ல யாரும் என்னைக் கூப்புடறதில்ல பாய்" என்றார். பாய்க்கு அது புரியவில்லை. ஆனால் பில் போடச் சொன்னார்.

இரண்டாவது வாரம் ஹஃப்ஸாவின் கன்னத்தில் கடுகு தாளித்தது போலப் பொரி கிளம்பியது. பிறகு நெற்றியிலும். கேட்டவர்களிடம், "இதப் போட்டதுல வந்துச்சுங்க. உங்களுக்கு ஒத்துக்கலாம், எனக்கு ஒத்துக்கல" என்றாள். கையில் எடுத்த பாட்டில்களைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

"வெயில்னு சொல்லக்கூடாதா?" என்றார் பாய்.

"வெயில் போன வருஷமும் அடிச்சுதே மொதலாளி."

பாய் அவளை உள்ளே ஸ்டாக் ரூமுக்கு அனுப்பினார். "மூஞ்சி தெளிஞ்சா கவுண்டரு. இல்லேன்னா வீடு." இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சரக்கைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. சீரத்தை நிறுத்திவிட்டாள், வெறும் தண்ணீரில் கழுவுகிறாள் என்று மட்டும் தெரியும். பொரி மெல்ல அடங்கியது. ஒரு சனிக்கிழமை அவள் மறுபடி கவுண்டரில் நின்றாள். முகம் தெளிந்ததால் பாயும் விட்டுவிட்டார். வாடிக்கைப் பெண்கள் நாலைந்து பேர் "எங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்ததும் ஒரு காரணம்.

பிறகு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கன்னத்தில் மறுபடி பொரி. சிலருக்கு விட்டு விட்டு வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாய் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் காரில் ஒரு அம்மா வந்து இறங்கினார். கூட ஒரு சின்னப் பெண். நேராக க்ரீம் கவுண்டருக்குப் போனார்கள். அந்த அம்மா பாட்டில் எதையும் தொடவில்லை.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் வாம்மா."

ஹஃப்ஸா வந்தாள். முக்காட்டைக் காதுவரை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"கன்னத்துல இது என்னம்மா?"

"இந்த சீரம் போட்டதுல வந்துச்சு மாமி."

"வெல கூடினதா?"

"இந்தக் கடையிலயே இதான் கூட."

"போயிடுமா? தழும்பு விழுமா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மாமி."

சின்னப் பெண் அந்த அம்மாவின் முந்தானையை இழுத்தாள். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள். "ஏசி காருல வந்து ஒரு ஹேர்பின் வாங்கல பாரு" என்றார் பாய்.

வந்தது யார் என்று இரண்டு நாள் கழித்துத்தான் பாய்க்கே தெரிந்தது. பள்ளிவாசலில் காதர் பாட்சா சொல்லியிருக்கிறார். நாகூரில் நல்ல இடம். மாப்பிள்ளை சிங்கப்பூரில். மாப்பிள்ளையின் உம்மா, பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி, கடைக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெண் முகம் சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாய் ஆடிப்போய்விட்டார். "நம்ம சரக்கு ஒரு புள்ளையோட எடத்தக் கெடுத்துடுச்சே தம்பி" என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வேறு பொண்ணு பார்க்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஹஃப்ஸா அந்தக் கவுண்டரில்தான் இருக்கிறாள். முகம் தெளிந்துவிட்டது. போடுகிறாயா என்று கேட்டால் இல்லை என்கிறாள். பாய் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

கோடை விடுமுறையில் அவள் தங்கை ரிஃபானா எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தாள். வாய் ஓயாத பெண். கூட்டமில்லாத ஒரு மதியம், உங்க லாத்தாவுக்கு அந்த நாகூர் இடம் தவறிப்போனது வருத்தம்தான் என்று நான் பேச்சுக்குச் சொன்னேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவங்க கடைக்கு வந்து பாக்கப்போறாங்கன்னு உம்மா பத்து நாளைக்கு முன்னாடியே லாத்தாகிட்ட சொல்லிட்டாங்கண்ணே. அன்னைக்கே லாத்தா மறுபடி அந்த சீரத்தப் போட ஆரம்பிச்சிடுச்சு."